எழுநூற்று இருபதில் நிற்கும் ஈயம்

ஹார்லோட்டன், மொன்டானா
செப்டம்பர் 9, 2014

அன்புள்ள ஓரின் அண்ணனுக்கு,

வெண்டல் எழுதுகிறேன். இங்கே நான், ஜோலீன், குட்டி ஐவி மூவரும் சுகம். உன் சுகமும் லோயிஸ் அண்ணியின் முழங்கால் சுகமும் தெரிய வேண்டும். காதுக்குப் புது மெஷின் வாங்கியும் போனில் நான் பேசுவது உனக்கு வாத்து கத்துவது மாதிரி கேட்கிறது என்று அண்ணி சொன்னாள். சரி, கடிதமே எழுதிவிடுகிறேன். வாத்தின் கையெழுத்து எப்படி இருக்கிறது என்று நீயே பார்.

மகள் வந்துவிட்டாள். போன மாதம் ஒரு சனிக்கிழமை வாசலில் கார் நின்றது. பின்சீட்டில் குழந்தை, டிக்கியில் துணிமணி. "கொஞ்ச நாள் இங்க இருக்கலாமாப்பா?" என்றாள். புருஷனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஊரில் உள்ள முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் கார்லா போய்ச் சேர்ந்த பிறகு நாலு வருடமாக இந்த வீட்டில் டிவியைத் தவிர வேறு குரல் கிடையாது. இப்போது காலை ஆறு மணிக்கே ஒரு ஒன்றரை வயது ஆள் ஸ்பூனால் மேசையை உடைக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஈயம் உருக்கும் மின்சாரப் பானையை நீ பார்த்திருக்கிறாய். அதன் தெர்மோஸ்டாட் சுத்தப் பொய்யன். எழுநூறு ஃபாரன்ஹீட்டில் வைத்தால் அறுநூற்று முப்பதுக்கு இறங்குவான், பிறகு எழுநூற்று எண்பதுக்கு ஏறுவான். சூடு குறைந்த நேரத்தில் அச்சில் ஊற்றினால் துப்பாக்கிக் குண்டு உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கி விழுகிறது. ஏறிய நேரத்தில் ஊற்றினால் மேலெல்லாம் வெளுத்துப் போகிறது. நூறு வார்த்தால் நாற்பது மறுபடி பானைக்குப் போகிறது. துப்பாக்கி சுடும் கிளப்பில் என் கூட்டாளி ட்வைட் கேட்கிறான், "என்ன வெண்டல், குண்டு வார்க்கிறியா, பாப்கார்ன் பொரிக்கிறியா?"

காகித ஆலையில் முப்பத்தொரு வருடம் நீ செய்ததே சூட்டை ஓரிடத்தில் கட்டிவைக்கிற வேலைதானே. தம்பிக்கும் ஒரு பெட்டி செய்து தரக்கூடாதா?

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
வெண்டல்


டுலூத், மின்னசோட்டா
அக்டோபர் 2, 2014

தம்பி வெண்டலுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். லோயிஸின் முழங்கால் மழை வருவதை இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுகிறது. உங்கள் மூவரின் சுகத்தையும் படித்து அவளுக்குச் சந்தோஷம். குழந்தைக்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னியிருக்கிறாள். பார்சலில் மேலாக இருக்கிறது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு கீழே பார்.

கீழே இருப்பதுதான் உன் பெட்டி. ஒரு மாதம் என் வேலை மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தது. உன் பழைய தெர்மோஸ்டாட் சூடு ஏறிய பிறகுதான் மின்சாரத்தை நிறுத்தும், இறங்கிய பிறகுதான் கொடுக்கும். வண்டி சுவரில் மோதிய பிறகு பிரேக் போடுகிற டிரைவர் மாதிரி. இது அப்படியில்லை. சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்து, போய்ச் சேருமுன்பே காலை எடுத்துவிடும். சூட்டை அளக்கும் நீளமான கம்பியின் முனை ஈயத்துக்குள் முங்கியிருக்க வேண்டும், பானையின் அடியைத் தொடக்கூடாது. பச்சை எண் நீ கேட்ட சூடு. சிவப்பு எண் பானையில் இருக்கிற சூடு. இரண்டும் ஒன்றானால் வார்க்கலாம்.

முதல் தடவை அதுவாகக் கற்றுக்கொள்ள இருபது நிமிடம் எடுக்கும். பொறுமையாக இரு. சின்ன வயதில் உனக்கு அது கிடையாது. இப்போது வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஓரின்


ஹார்லோட்டன்
அக்டோபர் 27, 2014

அன்புள்ள அண்ணனுக்கு,

மூவரும் சுகம். தொப்பி ஐவியின் தலையை விட்டு இறங்கவில்லை. குளிக்கும்போதும் அதைக் கழற்ற விடாமல் ஜோலீனோடு சண்டை.

பெட்டியைப் பற்றி என்ன சொல்ல? எழுநூற்று இருபதில் வைத்தேன். சிவப்பு எண் ஏறியது, எழுநூற்றுப் பதினைந்தில் மெதுவானது, எழுநூற்று இருபதில் வந்து உட்கார்ந்தது. அப்படியே இருந்தது. இரண்டு மணி நேரம். ஒற்றை டிகிரி கூடும், குறையும், அவ்வளவுதான். முன்னூற்று ஐம்பது குண்டு வார்த்தேன். பழுது ஒன்பது. விளிம்பெல்லாம் கடைந்து எடுத்த மாதிரி. தராசில் போட்டால் ஒன்றுக்கொன்று அச்சு அசல். ட்வைட் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "கடையில வாங்கிட்டு வந்து என்கிட்ட பொய் சொல்றியா?" என்றான். அறுபத்தேழு வயதில் இப்படி ஒரு பாராட்டு. கிளப்பின் வசந்தகாலப் போட்டிக்கு நாலாயிரம் குண்டு தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஒரு சிக்கல். பனி வந்துவிட்டது. கொட்டகைக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாது. காற்று அடிக்கும்போது அச்சு சூடு பிடிக்க மறுக்கிறது, என் விரலும்தான். பானையை வீட்டின் கீழ் அறைக்கு, துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றலாம் என்று பார்க்கிறேன். ஜோலீன் தயங்குகிறாள். "ஈயத்தோட ஆவி மேல வராதாப்பா? குழந்தை இருக்குதே" என்கிறாள். "பெரியப்பாவைக் கேட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறேன். சீக்கிரம் எழுது.

வெண்டல்


டுலூத்
நவம்பர் 8, 2014

தம்பி வெண்டலுக்கு,

நலமாக இருக்கிறோம். ஏரியில் இந்த வருடம் சீக்கிரமே பனிக்கட்டி கட்டும் என்கிறார்கள். பெட்டி சொன்னபடி நடக்கிறது என்று படித்ததும் லோயிஸிடம் அந்தப் பகுதியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். அவள், "போதும், உங்க தம்பி உங்களைப் புகழ்ந்தது இந்த ஊருக்கே கேட்டிருக்கும்" என்றாள். எனக்குத்தான் கேட்காது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எழுநூற்று இருபது டிகிரியில் ஈயம் ஆவியாகி மேலே வருமா? பயப்படும் அளவுக்கு வராது. அது கொதிக்க மூவாயிரத்துக்கு மேல் வேண்டும். ஆயிரத்தைத் தாண்டினால்தான் ஆவியைப் பற்றிப் பேச்சே. பெட்டி அதை அவ்வளவு தூரம் போக விடாது. அழுக்கைப் பிரிக்க மெழுகு போட்டுக் கலக்கும்போது கிளம்புவது மெழுகின் புகை. அதற்கு ஜன்னலைத் திறந்து வை. ஆவியை நினைத்து ஜோலீன் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

 

2

முதல் தாள் தீர்ந்துவிட்டது, முக்கியமானது இந்தத் தாளில்தான் இருக்கிறது. ஆவி இல்லை என்றுதான் சொன்னேன். தூசி இல்லை என்று சொல்லவில்லை. ஈயத்தின் மேல் சாம்பல் மாதிரி மிதப்பதை வழித்துப் போடுகிறாயே, அது மாவாக நைந்த ஈயம். கண்ணுக்குத் தெரியாமல் தரையில் இறங்கும். பெருக்கினால் மறுபடி எழும்பும். உன் சட்டையில், செருப்பில், கைரேகையில் ஒட்டும். துணி துவைக்கும் மெஷின் அந்த அறையில்தான் நிற்கிறது. உன் சட்டையும் குழந்தையின் துணியும் ஒன்றாகச் சுற்றும். கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிற வயது அதற்கு.

எங்கள் ஆலையில் ஒருவன் இருந்தான், அதற்கு முன்பு பேட்டரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். வேலைச் சட்டையைக் கழற்றாமல் பிள்ளையைத் தூக்குவானாம். அவன் செய்தது அவ்வளவுதான். அந்தப் பையனுக்குக் கடைசிவரை எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை.

ஆகவே குழந்தை இருக்கும்வரை வீட்டுக்குள் வார்க்காதே. வசந்தம் வரும்வரை பானை ஆறட்டும். ஒரு குளிர்காலம் குண்டு இல்லாமல் யாரும் செத்துப்போவதில்லை. இதையும் ஜோலீனுக்கு வாசித்துக் காட்டு.

அன்புடன்,
ஓரின்


ஹார்லோட்டன்
டிசம்பர் 16, 2014

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். முன்கூட்டியே உங்கள் இருவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து.

உன் கடிதம் வந்தது. ஜோலீனிடமும் காட்டினேன். படித்துவிட்டு நிம்மதியானாள். "பெரியப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். உன் மேல் அவளுக்கு எப்போதும் மரியாதை அதிகம்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. பானையைக் கீழே இறக்கிவிட்டேன். ஜன்னலை ஒரு சாண் திறந்துதான் வைக்கிறேன். கீழே காற்று இல்லாததால் சிவப்பு எண் ஆடுவதே இல்லை. நேற்று மட்டும் அறுநூறு வார்த்தேன். ஒன்றைக்கூடத் திருப்பிப் பானையில் போடவில்லை. சில சமயம் வார்ப்பதை நிறுத்திவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனதுக்கு ஒரு மாதிரி அமைதியாக இருக்கிறது.

ஐவி படியில் உட்கார்ந்து பின்பக்கமாக ஒவ்வொரு படியாய் இறங்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பன்னிரண்டு வார்த்தை பேசுகிறாள். ஜோலீன் பட்டியல் எழுதி வைத்திருக்கிறாள்.

வெண்டல்


டுலூத்
ஜனவரி 5, 2015

வெண்டல்,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

நான் எழுதியது இரண்டு தாள். இரண்டையும் படித்தாயா? ஜோலீன் இரண்டையும் படித்தாளா? படித்துவிட்டு அவள் நிம்மதியானாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. குழந்தை அந்தப் படியில் இறங்கி எங்கே வருகிறாள்? அவள் துணியை எங்கே துவைக்கிறீர்கள்?

இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுது. மற்றதைப் பிறகு பேசலாம்.

ஓரின்


ஹார்லோட்டன்
பிப்ரவரி 22, 2015

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் ஜோலீனும் சுகம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. பனி வழிப்பதிலேயே நாள் போகிறது. வேலிக்குப் பக்கத்தில் மான்கள் கூட்டமாக வந்து நிற்கின்றன, விலா எலும்பை எண்ணலாம்.

நாலாயிரத்தையும் வார்த்து முடித்துவிட்டேன். பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறேன். ட்வைட் வந்து பார்த்தான். கிளப்பில் இப்படி ஒரு வார்ப்பைப் பார்த்ததில்லை என்கிறான்.

எனக்குக் கொஞ்ச நாளாக வயிற்றில் பிடிப்பு. உணவு இறங்குவதில்லை. பித்தான் போடும்போது விரல் தடுமாறுகிறது. வயசு. மணிக்கட்டில் வாதம் என்று நினைக்கிறேன், அப்பாவுக்கும் இருந்ததே. ஜோலீனுக்கு ஷிப்டு மேல் ஷிப்டு. நிறையக் களைத்துப்போகிறாள்.

அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது? டுலூத்தில் பனி எத்தனை அடி? எழுது.

வெண்டல்


டுலூத்
மார்ச் 3, 2015

வெண்டல்,

"நானும் ஜோலீனும் சுகம்" என்று எழுதியிருக்கிறாய்.

ஐவி எப்படி இருக்கிறாள்?

ஓரின்


பில்லிங்ஸ், மொன்டானா
ஏப்ரல் 11, 2015

மதிப்புக்குரிய ஓரின் பெரியப்பாவுக்கு,

ஜோலீன் எழுதுவது. பெரியம்மா நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். நீங்கள் அப்பாவுக்கு எழுதிய ஒற்றைவரிக் கடிதத்தை மேசையில் பார்த்தேன். அப்பா பதில் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஐவி ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு இப்போதுதான் வந்திருக்கிறாள். ஜனவரியிலிருந்தே சாப்பாட்டைத் தள்ளினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். மலம் போக நாலு நாள், ஐந்து நாள். முகம் வெளுத்துக்கொண்டே போனது. பல் முளைப்பதால் என்று அப்பா சொன்னார். நானும் நம்பினேன். பிறகு வார்த்தைகள் போக ஆரம்பித்தன. முதலில் "பால்" போனது. பிறகு "தொப்பி". தினமும் சொன்ன குழந்தை, கையை மட்டும் நீட்டினாள். மார்ச்சில் விடுமுறை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் டாக்டரே போன் செய்தார்.

ரத்தத்தில் ஈயம். ஐந்துக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டுமாம். ஐவிக்கு நாற்பத்தேழு. அன்றைக்கே பில்லிங்ஸில் சேர்க்கச் சொன்னார்கள். ஈயத்தைக் கட்டி வெளியே கொண்டுவரும் மருந்து, அழுகிய முட்டை நாற்றம். அதைக் குடிக்க வைக்க நான் அவள் கையைப் பிடிக்க, நர்ஸ் வாயைத் திறக்க, தினமும் மூன்று வேளை.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். கீழ் அறைக்குப் போய்த் துணி துவைக்கும் மெஷினின் மூடியை ஈரக் காகிதத்தால் துடைத்து ஒரு குழாயில் போட்டாள். தரையைத் துடைத்தாள், படியைத் துடைத்தாள்.

"குழந்தை துணியும் இதுலதான் போடுவீங்களா?"

"வேற எங்க போடறது?"

"அவ இங்க வருவாளா?"

"தாத்தாகிட்ட வருவா. அந்தப் படியிலதான் உட்கார்ந்திருப்பா."

அவள் எழுதிக்கொண்டாள். தலையை நிமிர்த்தவில்லை. பெரியப்பா, அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நவம்பரில் நான் அப்பாவை நேராகவே கேட்டேன், இது குழந்தைக்கு ஆகுமா என்று. அவர் உங்கள் கடிதத்தை என் கையில் கொடுத்தார். அதை இப்போதும் வைத்திருக்கிறேன். "ஆவியை நினைத்து ஜோலீன் கவலைப்பட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்." என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளில் தூசி என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு கையெழுத்துகூடப் போடாமல், பாதியில் எழுந்துபோன மாதிரி நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? முப்பத்தொரு வருடம் இதையே பார்த்தவர் நீங்கள். அப்பாவுக்கு விவரம் தெரியாது. அவர் உங்களை நம்பினார். நான் உங்களை நம்பினேன்.

நான் வேலையை விட்டுவிட்டு இங்கே ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டேன். பழைய துணி ஒன்றுகூட எடுத்துவரவில்லை. பெரியம்மா பின்னிய தொப்பியையும் அவர்கள் சொன்ன பையில் போட்டுவிட்டேன். அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஜோலீன்


டுலூத்
ஏப்ரல் 20, 2015

அன்புள்ள ஜோலீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தத் தாளில் உள்ளது என் எழுத்துதான். அந்தப் பெட்டியைச் செய்து அனுப்பியவனும் நான்தான். உன் பெயரைப் போட்டு எழுதியதும் நான்தான்.

பதில் சரியாக வராதபோதே நான் பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். காது கேட்காதவன் தனியாக எங்கே போவது என்று தயங்கி, இங்கிருந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இதற்கு மன்னிப்புக் கேட்டால் அது உனக்கு எதற்கு உதவும் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

ஐவிக்கு என்ன தேவையானாலும் பெரியம்மாவுக்குப் போன் செய். என்னிடம் பேச வேண்டியதில்லை.

ஓரின் பெரியப்பா


டுலூத்
ஏப்ரல் 20, 2015

வெண்டல்,

சுகம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

ஜோலீன் எழுதியிருந்தாள். அவள் கையில் இருப்பது ஒரு தாள். நான் இரண்டு தாளை மடித்து உறையில் போட்டதை லோயிஸ் பார்த்திருக்கிறாள். இன்று காலை அவள், "அந்தப் பொண்ணுக்கு உண்மையை எழுதுங்க, இல்லேன்னா நான் எழுதறேன்" என்றாள். எங்கள் நாற்பத்தாறு வருடத்தில் நான் அவளிடம் குரலை உயர்த்தியது இன்றுதான்.

நான் ஜோலீனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குப் புருஷன் இல்லை. குழந்தை இப்படி இருக்கிறது. அப்பாவும் பொய் சொன்னார் என்றால் அவளுக்கு மிச்சம் யார்? ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு செவிட்டுக் கிழவனைத் திட்டிக்கொள்வது அவளுக்கு லேசு என்றால் திட்டட்டும்.

இதை உனக்காகச் செய்யவில்லை. அந்தத் தாளை என்ன செய்தாய் என்று எனக்குச் சொல். ஏன் என்பதையும் சொல். அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் பாடு.

ரத்தப் பரிசோதனை நீயும் செய்துகொள். உன் விரலில் இருப்பது வாதம் இல்லை.

ஓரின்


ஹார்லோட்டன்
அக்டோபர் 4, 2015

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். உன் சுகத்தையும் அண்ணியின் சுகத்தையும் விசாரிக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் தெரிந்துகொள்ள ஆசை.

என் ரத்தத்தில் ஈயம் அறுபத்தொன்று இருந்தது. இப்போது முப்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. விரல் ஓரளவு கேட்கிறது. கீழ் அறையைப் பிளாஸ்டிக் போட்டு மூடி, வெள்ளை உடை போட்ட ஆட்கள் வந்து சுத்தம் செய்தார்கள். பானை, அச்சு, உன் பெட்டி, நாலாயிரம் குண்டு, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் பீப்பாயில் போயிற்று. நான் ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். இரண்டு தாளையும் நான் படித்தேன். நன்றாகப் புரிந்தது. இரண்டாவதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் முதல் தாளை மட்டும் ஜோலீனிடம் கொடுத்தேன். அந்தச் சட்டை மெஷினுக்குப் போய், தாள் கூழாகி வந்தது. மறந்துபோய்ப் போட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை.

ஏன் என்றால், சொல்லும்படி ஒரு காரணம் இல்லை அண்ணா. வெளியே குளிர். குண்டு நன்றாக வந்துகொண்டிருந்தது. நாலாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். சிவப்பு எண் ஒரே இடத்தில் நிற்கிறது, இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். ஜனவரியில் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபோது எனக்கு உன் பேட்டரித் தொழிற்சாலைக்காரன் ஞாபகம் வந்தான். அன்றைக்கும் நான் வார்த்தேன். இன்னும் தொள்ளாயிரம் பாக்கி இருந்தது.

ஆகஸ்டில் பில்லிங்ஸ் போனேன். ஜோலீன் கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. அப்படியே சொன்னேன்.

"பெரியப்பா ரெண்டு தாள் எழுதியிருந்தார்."

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"உனக்கு நான் காட்டினது ஒண்ணுதான். ரெண்டாவதுல தூசியைப் பத்தி எழுதியிருந்தார். மெஷினைப் பத்தி எழுதியிருந்தார். வீட்டுக்குள்ள வேண்டாம்னு எழுதியிருந்தார். உனக்கு வாசிச்சுக் காட்டச் சொல்லியிருந்தார்."

"நீ எப்பப் படிச்ச?"

"உனக்குக் குடுக்கறதுக்கு முந்தின நாள்."

"மறுபடி சொல்லு."

சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்தினாள். போய்விடலாம் என்று படி இறங்கினேன். கதவு திறந்தது. கையில் ஒரு தாளும் பேனாவும்.

"எழுதிக் குடு. என்னிக்கிலேருந்து என்னிக்கி வரைக்கும் கீழே வார்த்த, ஒவ்வொரு வாரமும் எத்தனை நாள். டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காங்க, எத்தனை மாசமா உள்ள போச்சுன்னு. எனக்குச் சொல்லத் தெரியல."

படியில் உட்கார்ந்து எழுதினேன். கீழே கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னாள். வாங்கிப் படித்துவிட்டு, "பெரியப்பாவுக்கு நான் எழுதினதை நீ படிச்சியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். உனக்கு அவள் எழுதக்கூடும். எழுதாவிட்டால் அவளைத் தப்பாக நினைக்காதே. எழுத உட்கார்ந்து எழுந்துபோவது எப்படி என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. அங்கே ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு வேலை. "வியாழக்கிழமை எனக்கு ஷிப்டு. ஐவியைப் பேச்சு வகுப்புக்குக் கூட்டிட்டுப் போக ஆள் கிடைக்கல. உன்னால முடியுமா? மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைச்சுக்காத" என்றாள்.

ஒவ்வொரு வியாழனும் தொண்ணூறு மைல் போகிறேன். அவள் எனக்கென்று ஒரு சட்டையும் கால்சட்டையும் செருப்பும் வாங்கித் தன் வீட்டு வாசலில் ஒரு பையில் வைத்திருக்கிறாள். நான் போட்டுவருகிற துணி அந்தக் கதவைத் தாண்டக்கூடாது. பையை எடுத்துப்போய்ப் பக்கத்துப் பெட்ரோல் பங்கின் குளியலறையில் குளித்து, அதை மாட்டிக்கொண்டு வந்து, அவளுடைய காரைத்தான் ஓட்டுகிறேன். குழந்தையைத் தூக்குவதில்லை. இருக்கையில் உட்காரவைத்துப் பெல்ட்டு போடுவது ஜோலீன். அங்கே போனதும் டீச்சர் வந்து எடுத்துக்கொள்வாள்.

ஐவிக்கு இப்போது பன்னிரண்டு. ரத்தத்தில் இருக்கிற எண்ணைச் சொல்கிறேன். அது இறங்கும், ஆனால் போனது திரும்ப வருமா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இரண்டரை வயது. மூன்று வார்த்தை.

முதல் வியாழன் ஜோலீன் காரின் ஜன்னலில் குனிந்து சொன்னாள், "பேசிக்கிட்டே போகணும்ப்பா. டீச்சர் சொல்லியிருக்காங்க. வழியில என்ன பார்த்தாலும் அதோட பேரைச் சொல்லு. பதில் வரலேன்னாலும் நிறுத்தக் கூடாது." உனக்குத் தெரியும், நான் பேசுகிறவன் இல்லை. கார்லா இதற்காகவே என்னோடு சண்டை போடுவாள்.

இருபத்திரண்டு நிமிட வழி. சொல்லிக்கொண்டே ஓட்டுகிறேன். லாரி. பாலம். சிவப்பு விளக்கு. நாய். கொடி. மஞ்சள் பஸ். கண்ணாடியில் பார்த்தால் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சில சமயம் என் முதுகுப் பக்கம் இருக்கையைக் காலால் உதைக்கிறாள். பாலம், நாய், லாரி என்று நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உன் தம்பி,
வெண்டல்